21 கிலோமீட்டரும் முப்பதாயிரம் வெள்ளியும்

சிங்கப்பூரில், பிடோக்கில் வசிக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: "எங்கள் புளோக்கில் இரண்டு மாடி கீழே இருக்கும் அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு. எலும்பு மஜ்ஜை மாற்று தேவைப்படலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். டிசம்பரில் அரை மாரத்தான் ஓடி முப்பதாயிரம் வெள்ளி திரட்டிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். இதுவரை ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடியதில்லை. இது நடக்குமா? சட்டச் சிக்கல் ஏதும் வருமா?"

நடக்கும் தம்பி. ஐந்து மாதம் கையில் இருக்கிறது. அதற்குள் 21 கிலோமீட்டர் ஓடப் பழகிவிடலாம். சட்டமும் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இடிக்காது. எனக்கு உறுத்துவது அந்த முப்பதாயிரம்தான். அது எங்கிருந்து வந்த கணக்கு? ஆஸ்பத்திரி கொடுத்த மதிப்பீடா, அக்காவின் வீட்டுக்காரர் சொன்னதா, இல்லை, பெரிய வியாதிக்குப் பெரிய தொகை என்று நீங்களே வைத்துக்கொண்டதா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நான் இரண்டு முறை இப்படி ஓடியிருக்கிறேன். முதல் முறை படுதோல்வி. நண்பர் ஒருவரின் தகப்பனாருக்கு இதய அறுவை சிகிச்சை. ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, உருக்கமாக ஒரு செய்தி எழுதி, கைபேசியில் இருந்த பதினொரு வாட்ஸ்அப் குழுக்களுக்கும் தட்டிவிட்டேன். கும்பிடும் கைதட்டலும் கட்டைவிரலும் கொட்டின. பணம் 640 வெள்ளி வந்தது. அதில் 200 என் மாமியார் போட்டது.

நான்கு வருடம் கழித்து, கூட வேலை பார்த்தவருக்காக ஓடினேன். அந்த முறை காலணி வாங்கும் முன்பே அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். நாற்பதாயிரம் வேண்டும் என்று நினைத்திருந்தவருக்கு உண்மையில் துண்டு விழுந்தது பதினொன்றாயிரம்தான். அதை ஏழு வாரத்தில் திரட்டினோம். இரண்டு முறையும் ஓடிய தூரம் ஒன்றுதான். சொல்லப்போனால் முதல் முறைதான் நன்றாக ஓடினேன்.

ஆகவே என் பதிலில் ஓட்டம் கொஞ்சம் தள்ளித்தான் வரும். ஓட்டம் உங்களுக்குக் கொடுப்பது கேட்பதற்கு ஒரு சாக்கு, அப்புறம் ஒரு தேதி. மீதி எல்லாம் ஓடாத நேரத்தில் செய்கிற வேலை.

முதலில் அக்காவிடம் கேளுங்கள். "உங்களுக்காக ஓடுகிறேன்" என்று போய்ச் சொல்லாதீர்கள். "நான் இப்படிச் செய்தால் உங்களுக்குச் சம்மதமா, வெளியே எவ்வளவு சொல்லலாம்" என்று கேளுங்கள். நோயின் பெயரைச் சொல்லலாமா, படம் போடலாமா, பிள்ளைகளின் பள்ளியில் தெரிந்தால் பரவாயில்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். நம் ஆட்களில் சொந்தத் தங்கைக்குக்கூடச் சொல்லாமல் கீமோ எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். வயதுக்கு வந்த மகள் வீட்டில் இருந்தால், வியாதி பேரைச் சொன்னால் நாளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம் வேறு. அது தவறான பயம் என்று நீங்களும் நானும் சொல்லலாம். ஆனால் அவர் வீட்டு விஷயத்தில் முடிவு அவருடையது. வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். சம்மதித்தால், எதையெல்லாம் சொல்லலாம் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு வருத்தம் வராது.

அடுத்தது மருத்துவச் சமூகப் பணியாளர், நோயாளிக்கு என்னென்ன பண உதவி கிடைக்கும் என்று பார்த்துச் சொல்பவர். ஒவ்வொரு பொது மருத்துவமனையிலும் இவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் 'எம்எஸ்டபிள்யூ' என்று கேட்டால் உடனே காட்டுவார்கள். அக்காவும் வீட்டுக்காரரும் இவரைப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். பாதிக் குடும்பங்கள் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் அனுபவம். "அதெல்லாம் ரொம்ப இல்லாதவங்களுக்கு" என்ற கூச்சம்.

அங்கே என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது. குடியுரிமை உள்ளவர் பொது மருத்துவமனையில் மானிய வகுப்புகளான சி அல்லது பி2இல் படுத்தால், வருமானத்தைப் பொறுத்து அரசாங்கம் 50 முதல் 80 விழுக்காடு வரை மானியம் தருகிறது. மீதியில் மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்பீடு ஒரு பங்கைக் கொடுக்கும். இது 2015 நவம்பரில் வந்த திட்டம். குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாருக்கும் உண்டு, ஏற்கெனவே நோய் இருந்தாலும் சேர்த்துக்கொள்ளும். பிறகு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு, அக்காவுடையது மட்டுமல்ல, கணவர், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் கணக்கிலிருந்தும் எடுக்கலாம். இவ்வளவுக்கும் பிறகு கட்ட முடியாமல் நிற்பவருக்காகத்தான் 1993இல் மெடிஃபண்ட் தொடங்கப்பட்டது. அது குடிமக்களுக்கு மட்டும், மானிய வகுப்பில் சிகிச்சை பெறுபவருக்கு மட்டும்.

புற்றுநோய்க்கு இன்னொரு நுணுக்கம். 2022 செப்டம்பர் முதல் வெளிநோயாளி மருந்துகளுக்கு 'புற்றுநோய் மருந்துப் பட்டியல்' என்று ஒன்று நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள மருந்துக்கு, அதில் சொன்ன வகை நோய்க்குக் கொடுத்தால்தான் மெடிஷீல்டு லைஃப் பணம் தரும். ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனி மாத உச்சவரம்பு. டாக்டர் எழுதியது பட்டியலுக்கு வெளியே இருந்தால் முழுக்கக் கைக்காசுதான், கூடுதல் தனியார் காப்பீடு ஏதாவது வைத்திருந்தால் ஒழிய. ஆகவே அக்காவின் மருந்து பட்டியலில் இருக்கிறதா என்ற ஒற்றைக் கேள்விக்கு வரும் பதிலிலேயே உங்கள் முப்பதாயிரம் மூவாயிரமாகவும் ஆகலாம், மூன்று லட்சமாகவும் ஆகலாம். தனியார் வகுப்பில் சிகிச்சை பார்க்கிறார் என்றால், மானிய வகுப்புக்கு மாற வழியுண்டா என்பதையும் அதே சமூகப் பணியாளரிடம் கேட்கலாம். ஆயிரம் பேரிடம் கையேந்துவதைவிட அந்த ஒரு படிவம் அதிகம் மிச்சப்படுத்தக்கூடும்.

இதெல்லாம் கழித்த பிறகு துண்டு விழுகிற தொகை இருக்கிறதே, அதுதான் நீங்கள் கேட்க வேண்டிய தொகை. ஒன்றை மறக்காதீர்கள்: சிகிச்சைச் செலவு என்பது ஆஸ்பத்திரி பில் மட்டும் இல்லை. அக்கா வேலைக்குப் போகவில்லை, வீட்டுக்காரர் பாதி நாள் விடுப்பு, எதிர்ப்புச் சக்தி இல்லாதபோது பஸ்ஸில் போகக்கூடாது என்பதால் டாக்ஸி, பிள்ளைகளுக்குச் சாப்பாடு. பில்லை அரசாங்கமும் காப்பீடும் ஓரளவு பார்த்துக்கொண்டுவிட, குடும்பம் சரிவது இந்த இடத்தில்தான். "சிகிச்சைக்கு" என்று கேட்டு வாங்கிய பணத்தை டாக்ஸிக்குக் கொடுத்தால் நாளைக்கு யாராவது விரல் நீட்டுவார்கள். ஆகவே "சிகிச்சைக்கும், சிகிச்சைக் காலத்தில் ஆறு மாத வீட்டுச் செலவுக்கும்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். கொடுப்பவர்கள் முகம் சுளிப்பதில்லை. மறைத்தால்தான் சுளிப்பார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு நோயாளி அக்கா இல்லை, வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதியில் இருக்கும் நண்பராக இருக்கும். அங்கே கணக்கு முற்றிலும் வேறு. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவருக்கு மெடிஷீல்டும் மெடிஃபண்டும் கிடையாது. ஆனால் அவருடைய மருத்துவச் செலவுக்கு முதலாளி பொறுப்பு. 2023 ஜூலை 1 முதல் முதலாளி எடுக்க வேண்டிய காப்பீடு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. முதல் 15,000 காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும், அதற்கு மேல் நான்கில் மூன்று பங்கு காப்பீடு, ஒரு பங்கு முதலாளி. வேலையிடத்தில் அடிபட்டதென்றால் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. இவற்றைக் கேட்டு வாங்காமல் நண்பர்கள் உண்டியல் குலுக்கினால், முதலாளி கொடுக்க வேண்டிய காசை நண்பர்கள் கொடுத்ததாகிவிடும். முதலில் மனிதவள அமைச்சு, வெளிநாட்டு ஊழியர் நிலையம், ஹெல்த்சர்வ், டிடபிள்யூசி2 மாதிரி இடங்களில் கேட்டுவிட்டு அப்புறம் ஓடலாம்.

சரி, சட்டத்துக்கு வருவோம். இரண்டு எல்லைகள் தெரிந்தால் போதும்.

ஒன்று, தெருவிலும் வீடு வீடாகவும் வசூலிப்பது. அதற்கென்றே 1947ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் செய்யக்கூடாது. எனவே ஓடும்போது கையில் டப்பா, தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை அட்டை பிடித்து நிற்பது, புளோக் முழுக்கக் கதவு தட்டுவது எதுவும் வேண்டாம். தெரிந்தவர்களுக்குச் செய்தி அனுப்பிக் கேட்பதும், முறையான நிதி திரட்டும் தளம் வழியாகக் கேட்பதும் வேறு வகை. தளங்களுக்கென 2018இல் அறநிறுவன ஆணையர் ஒரு நடைமுறைக் கோவை வெளியிட்டார். அதை ஏற்றுக்கொண்ட தளமாகப் பாருங்கள். 'ரே ஆஃப் ஹோப்' என்பது ஓர் அறநிறுவனம்; அவர்களே குடும்பத்தைப் பார்த்து, ஆவணங்களைச் சரிபார்த்து, பிறகுதான் வேண்டுகோளை வெளியிடுவார்கள். 'கிவ் ஆசியா'விலும் தனி நபருக்குத் திரட்டலாம். 'கிவிங் டாட் எஸ்ஜி' பதிவுபெற்ற அறநிறுவனங்களுக்கானது. அக்காவுக்காக அங்கே பக்கம் திறக்க முடியாது, ஆனால் புற்றுநோய்ச் சங்கத்துக்காகத் திறக்கலாம். வரிவிலக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கட்டாயம் கேட்பார்கள். வரிக்கழிவு ரசீது தர அங்கீகாரம் பெற்ற, ஐபிசி தகுதி உள்ள அமைப்புக்குக் கொடுத்தால்தான் இரண்டரை மடங்கு வரிக்கழிவு. தனி நபருக்குக் கொடுத்தால் கிடையாது. "ரசீது வருமா?" என்று கேட்பவரிடம் வராது என்று நேராகச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பணம் கடல் தாண்டுவது. ஊரில் இருக்கும் அத்தைக்கோ மச்சானுக்கோ இங்கே பொதுமக்களிடம் திரட்டினால் அது வெளிநாட்டு அறப்பணி நிதி திரட்டு என்ற கணக்கில் வரலாம். அதற்கு ஆணையரின் அனுமதி வேண்டும். திரட்டியதில் 80 விழுக்காடு சிங்கப்பூரிலேயே செலவாக வேண்டும் என்ற பொது விதியும் உண்டு. குடும்பத்துக்குள்ளும் நெருங்கிய நண்பர்களுக்குள்ளும் கேட்டு அனுப்புவதோடு நிறுத்திக்கொள்வது நிம்மதி. அப்படி அனுப்பும்போதும் நோயாளியின் கணக்குக்கு அனுப்புவதைவிட ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டுங்கள். இந்தியாவில் உறவினர் அல்லாதவரிடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் வருமான வரி கேள்வி எழும். அதற்கும் முன்னால், தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை அந்தக் குடும்பத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருந்தால் வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை. ஊரில் அட்டை பெட்டிக்குள் தூங்க, இங்கே தம்பி ஓவர்டைம் பார்த்துக் காசு அனுப்பிய கதைகள் எனக்கு நிறையத் தெரியும்.

பணத்தை எங்கே சேர்ப்பது? உங்கள் சொந்த பேநவ் எண்ணுக்கு, அதாவது கைபேசி எண் வழியாக உங்கள் வங்கிக் கணக்குக்கு, வாங்காதீர்கள். இது சட்டம் அல்ல, என் பிடிவாதம். நீங்கள் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சிங்கப்பூர்வாசிக்கு இப்போது பேநவ் எண்ணோடு வரும் எந்தச் செய்தியைப் பார்த்தாலும் முதலில் தோன்றுவது மோசடி. மோசடித் தடுப்பு எண்ணான 1799க்கு அழைத்துக் கேட்கிற காலம் இது. 2005இல் தேசிய சிறுநீரக அறநிறுவன விவகாரம் நீதிமன்றத்தில் வெடித்தபோது, தலைமை நிர்வாகியின் ஆறு லட்சம் வெள்ளிச் சம்பளத்தையும் தங்கமுலாம் பூசிய குழாயையும் பற்றிப் பேசாத காப்பிக்கடை இல்லை. மாதம் ஐந்து வெள்ளி கொடுத்துவந்த எங்கள் அம்மா அந்த வாரமே நிறுத்தினார். அந்தத் தலைமுறை இன்னும் மறக்கவில்லை. நீங்கள் கேட்கப்போகும் அத்தைகளும் மாமாக்களும் அவர்கள்தான்.

தளம் வழியாகப் போனால் இந்தப் பாரம் பாதி குறையும். தளம் எவ்வளவு கட்டணம் பிடிக்கிறது, பணத்தை ஆஸ்பத்திரிக்குக் கட்டுமா குடும்பத்துக்குக் கொடுக்குமா என்று முன்கூட்டியே படியுங்கள். ஓட்டப் பதிவுக் கட்டணம், காலணி, டி-சட்டை எல்லாம் உங்கள் பையிலிருந்து. திரட்டியதில் ஒரு காசு தொடக்கூடாது. மிச்சம் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் முதல் செய்தியிலேயே எழுதுங்கள். "இலக்குக்கு மேல் வந்தால் இன்ன அறநிறுவனத்துக்கு" என்று ஒரு வரி போதும். இலக்கு எட்டியதும் நிறுத்திவிடுங்கள். நிறுத்தத் தெரிந்தவர் அடுத்த முறை கேட்டால் கொடுப்பார்கள்.

இப்போது கேட்பது. முதல் முறை நான் தோற்றது இங்கேதான்.

டெர்ரி ஃபாக்ஸ் என்ற கனடியப் பையனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எலும்புப் புற்றுநோயில் 18 வயதில் வலது காலை இழந்தவர். 1980 ஏப்ரல் 12ஆம் தேதி செயற்கைக் காலோடு கனடாவின் கிழக்கு முனையான நியூஃபவுண்ட்லாந்தில் ஓடத் தொடங்கினார். கிட்டத்தட்ட தினமும் ஒரு மாரத்தான் தூரம். 143 நாளில் 5,373 கிலோமீட்டர். புற்று நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்தி, அடுத்த ஆண்டு 22 வயதில் இறந்தார். புற்றுநோய் ஆராய்ச்சிக்காகக் கனடியர் ஒவ்வொருவரிடமும் ஒரு டாலர் வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். 1981 பிப்ரவரியில் தொகை 2 கோடியே 41 லட்சம் டாலரைத் தாண்டியபோது அது நாட்டின் மக்கள்தொகைக்கு இணையாகிவிட்டது. இந்த முடிவை எல்லாரும் சொல்வார்கள். ஆரம்பத்தை யாரும் சொல்வதில்லை. முதல் வாரங்களில் பல ஊர்களில் அவர் வருவதே யாருக்கும் தெரியாது. அதே நாட்களில் போர்ட் ஓ பாஸ்க் என்ற சிற்றூர், பத்தாயிரம் பேர், பத்தாயிரம் டாலருக்கு மேல் கொடுத்தது. அப்புறம் இசடோர் ஷார்ப் என்ற ஓட்டல் முதலாளி, தம் மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், பத்தாயிரம் டாலர் அறிவித்து மற்ற 999 நிறுவனங்களையும் அதே மாதிரி கொடுக்கச் சொன்னார். ஒன்டாரியோ மாநிலத்தில் கூட்டம் திரண்டது. நியூஃபவுண்ட்லாந்து சாலையில் ஓடியதும் அதே கால்தான், ஒன்டாரியோவில் ஓடியதும் அதே கால்தான்.

நமக்கும் இது புதிய விஷயமில்லை. யாருக்காவது உடம்பு தேற வேண்டும் என்று நேர்ந்துகொண்டு தைப்பூசத்தில் பால்குடம் தூக்கிப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரைக்கும் நடக்கிறவர்கள்தானே நாம். பிறர் நோய்க்காக என் உடம்பை வருத்துகிறேன் என்ற எண்ணத்தை நம் பாட்டிக்கு விளக்க வேண்டியதில்லை. "ஃபண்ட் ரைசிங் ரன்" என்றால் விழிக்கிற பாட்டி, "அக்காவுக்காக நேர்ந்துக்கிட்டு ஓடறேன்" என்றால் இடுப்பிலிருந்து ஐம்பது வெள்ளி எடுப்பார். என் மாமியார் எடுத்தது அப்படித்தான்.

நான் இரண்டாம் முறை செய்தது இது. குழுவில் எதுவும் போடவில்லை. எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரையும் ஒரு நோட்டில் எழுதினேன். 170 பெயர் தேறியது. முதல் பத்துப் பேரை நேரில் பார்த்துக் கேட்டேன். ஓடுகிற நானே 300 போட்டிருந்தேன். யாருமே போடாத உண்டியலில் முதல் காசு போட எவருக்கும் கை வராது. அந்தப் பத்துப் பேரின் பணம் விழுந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தனித்தனியாக, பெயர் சொல்லி, அவரவருக்கு ஏற்ற மாதிரி எழுதினேன். "ஏதாவது உதவுங்கள்" என்று எழுதவில்லை. "ஐம்பது வெள்ளி முடியுமா அண்ணே? முடியாவிட்டால் பரவாயில்லை, அவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்று எழுதினேன். தொகையைச் சொல்லிக் கேட்பது முதலில் கூச்சமாக இருக்கும். ஆனால் கொடுப்பவருக்கு அதுதான் வசதி. எவ்வளவு போட்டால் மரியாதையாக இருக்கும் என்று அவர் மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம் பாருங்கள். மொய் எழுதும் இடத்தில் முன்னால் எழுதியவரின் தொகையை எட்டிப் பார்க்கிற பழக்கம் நமக்கு எதற்கு என்று நினைக்கிறீர்கள்?

மொய் நோட்டு என்றதும் இன்னொன்று. ஒவ்வொரு ஞாயிறும் எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு ஓடினேன் என்று இரண்டு வரி எழுதி, கொடுத்தவர்களுக்கு மட்டும் அனுப்பினேன். பணம் போட்டவர்களே இன்னும் நாலு பேரைக் கூட்டி வந்தார்கள். கொடுக்காதவர்களுக்கு ஒரே ஒரு முறை நினைவூட்டல், அதோடு சரி. கோயிலிலும் கல்யாணத்திலும் பார்க்கும்போது அவர்கள் நம்மைக் கண்டு ஒளிந்துகொள்ளும் நிலை வரக்கூடாது. அக்காவும் அதே ஊரில்தான் வாழ வேண்டும்.

காலம் பார்த்துக் கேளுங்கள். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் யாரிடமும் கேட்காதீர்கள். துணிக்கும் பலகாரத்துக்கும் போனஸ் கரைந்திருக்கும். தீபாவளி முடிந்து மூச்சு விட்டதும் தொடங்கி, ஓட்டத்தோடு நிறுத்தாமல் டிசம்பர் கடைசி வரைக்கும் திறந்து வையுங்கள். பதின்மூன்றாம் மாதச் சம்பளம் பலருக்கு அப்போதுதான் வருகிறது. ஓடி முடித்த படம் போன பிறகும் பணம் வரும். எனக்கு அந்தக் கடைசி இரண்டு வாரத்தில் வந்தது முதல் மாதத்தில் வந்ததைவிட அதிகம்.

"கிலோமீட்டருக்கு இவ்வளவு" என்று வாக்கு வாங்கலாமா என்று கேட்பீர்கள். பார்க்க நன்றாக இருக்கும், நான் பரிந்துரைக்க மாட்டேன். பதினைந்தாவது கிலோமீட்டரில் முழங்கால் இழுக்கும்போது, நிறுத்தினால் அக்காவுக்கு அறுநூறு வெள்ளி போய்விடுமே என்று ஓடுகிறவர் நடந்தே வீடு திரும்ப மாட்டார். மொத்தத் தொகையாகவே வாங்குங்கள், முடித்தாலும் முடிக்காவிட்டாலும்.

ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிடோக்கில் இருக்கிறீர்கள், நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஒரு சுற்று 4.3 கிலோமீட்டர். ஐந்து சுற்று உங்கள் பந்தயம். வாரத்துக்கு மூன்று நாள். இரண்டு நாள் ஒரு சுற்று, வார இறுதியில் நீளமான ஓட்டம். நீள ஓட்டத்தை வாரத்துக்கு ஒரு கிலோமீட்டர் அளவுக்குக் கூட்டுங்கள், நான்கு வாரத்துக்கு ஒருமுறை குறையுங்கள், 18 தொட்டால் போதும். பக்கத்தில் ஓடுகிறவரோடு பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள். மழையும் இடியும் வந்தால் வெளியே நிற்காமல் தேசிய விளையாட்டரங்கத்தைச் சுற்றியுள்ள கூரைப் பாதைக்குப் போய்விடலாம். தொடங்கும் முன் ஒருமுறை ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துவிடுங்கள். நம் இனத்துக்கு இதய நோயும் நீரிழிவும் சீக்கிரம் வருகிறது. வீட்டில் யாருக்காவது இளவயதில் நெஞ்சுவலி வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு ஓடுங்கள்.

கவனிக்க வேண்டியது வெக்கை. விடியற்காலை குளிர்ச்சி என்று நினைப்போம். சிங்கப்பூரில் அந்த நேரத்தில்தான் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். வியர்வை கொட்டும், ஆனால் ஆவியாகாது, உடம்பும் குளிராது. ஓட்டத்தில் தலை சுற்றி, பேச்சு குழறி, கால் கோணிக்கொண்டால் அந்த இடத்திலேயே நின்று உதவி கேளுங்கள். வெறும் தண்ணீரை மடமடவென்று குடிப்பதும் தவறு. உப்பு குறைந்து மயங்கியவர்கள் உண்டு. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது சிறுநீரகத்துக்குக் கேடு. ஒருவருக்காகத் திரட்டப் போய் இரண்டு பேருக்குத் திரட்டும்படி வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அக்காவுக்குப் பணத்தைவிட அவசரமாகத் தேவைப்படக்கூடியது மஜ்ஜை. உடன்பிறந்த ஒருவருடையது பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புத்தான். பொருந்தாவிட்டால் வெளியே தேட வேண்டும். வெளியே தேடும்போது பெரும்பாலும் அதே இனத்தவரிடம்தான் பொருத்தம் அமையும். சிங்கப்பூரில் நாம் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள், அதில் பதிவு செய்தவர்கள் இன்னும் குறைவு. 1993இல் தொடங்கிய எலும்பு மஜ்ஜை தானத் திட்டத்தில் 18 முதல் 49 வயது வரை உள்ளவர்கள் பதிந்துகொள்ளலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுப்பதுதான் வேலை. பொருத்தம் அமைந்தாலும் பெரும்பாலும் கையில் ஊசி குத்தி ரத்தத்திலிருந்தே உயிரணுக்களைப் பிரித்து எடுக்கிறார்கள். முதுகெலும்பில் ஊசி போடுவார்கள் என்று பயமுறுத்துகிறவர்களை நம்பாதீர்கள். அக்காவுக்கே பொருந்தும் என்று யாரும் சொல்ல முடியாது, வேறு யாருக்காவது பொருந்தலாம். உங்கள் செய்தியில் ஐம்பது வெள்ளி என்ற வரிக்குக் கீழே இதையும் எழுதுங்கள். கையில் காசில்லாத தேசிய சேவைப் பையனும் பல்கலைக்கழகப் பெண்ணும் செய்யக்கூடிய உதவி இது. ரத்த தானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்தப் புற்றுநோயாளிக்கு ஏற்றும் ரத்தத் தட்டணுக்கள் சில நாளுக்கு மேல் தாங்காதவை, புதிது புதிதாக வேண்டும்.

ஓட்டத்தன்று அக்காவை முடிவுக் கோட்டில் நிற்க வைக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. வேண்டாம். கீமோவில் இருப்பவருக்கு அந்தக் கூட்டத்தில் ஒரு சளி தொற்றினாலும் ஆபத்து. பிள்ளைகள் இருவரும் வரட்டும், அக்கா வீட்டிலிருந்தே காணொளி அழைப்பில் பார்க்கட்டும். வீட்டுக்குப் போய்க் குளித்து, துணி மாற்றி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, அந்தப் பதக்கத்தையும் நன்றாகத் துடைத்து எடுத்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கிப் போய்க் கொடுங்கள்.